கட்டெறும்பு தூங்கிய தோள்

நீங்களே சொல்லுங்கள்... தினமும் நீங்கள் குளிப்பாட்டி, ஊட்டி, நெஞ்சில் போட்டுத் தூங்கவைக்கிற குழந்தை, நட்ட நடுத்தெருவில் உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ ஒருவன் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அவளுக்கு வயிறு எரிந்தது. கொட்டுகிற மழையில் நின்றும் எரிந்தது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணை அளந்து, லென்ஸை அரைத்து, பிரேமில் பொருத்திக் கொடுப்பாள். அன்று மதியம், நடக்க முடியாத ஒரு பெரியவருக்கு வீட்டிலேயே போய்க் கண்ணாடியை மாட்டிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறல் கீறல் என்று முன்னறிவிப்பெல்லாம் இல்லை... வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரே கொட்டு. மூடியிருந்த கடை ஒன்றின் தகரக் கூரைக்கு அடியில் ஓடி ஒதுங்கினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம். முழங்கால் உயரக் கூட்டம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட வாண்டுகள், ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையில் நடுவயது ஆயா. மறுமுனையில் நெடுநெடுவென்று ஒருவன். அவன் தோளில், கன்னத்தை அப்படியே ஒட்டவைத்து, கண் சொருகி, வாயோரம் எச்சில் வழிய...

"ஏய்... கட்டெறும்பு!"

அவள் அண்ணன் மகளேதான். ஒன்றரை வயது. பல் முளைத்த நாளிலிருந்து ஆளைக் கடிப்பதால் வீட்டில் அந்தப் பெயர்.

கட்டெறும்பு மெல்லக் கண்ணைத் திறந்தாள். எதிரே, தலையை மூடிய மழைக்கோட்டு, நீர் சொட்டும் கண்ணாடி, உள்ளே கடையின் நீலக் கோட்டு. ஒரு விநாடி பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி அவன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

"குடுங்க இங்க." அவள் கையை நீட்டினாள்.

அவன் ஒரு எட்டு பின்னால் போனான். "யாருங்க நீங்க?"

"நான் யாரா? நல்லா இருக்கே கதை! எங்க வீட்டுப் பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்கறீங்களா?"

"உங்க வீட்டுப் பிள்ளைன்னு நீங்க சொல்றீங்க. மேடம் ஒண்ணும் சொல்லலியே..."

"எந்த மேடம்?"

அவன் தாடையால் தோளைக் காட்டினான். அந்தத் தோளிலிருந்து ஒரு குட்டிக் குறட்டை வந்தது.

"அவளோட அத்தைங்க நான்! அவ அப்பா கூடப் பிறந்தவ!"

"இருக்கலாம். ஆனா எனக்கு உங்களைத் தெரியாது. தெரியாதவங்க கையில பிள்ளையத் தூக்கிக் குடுத்தா, நாளைக்கு நீங்களே வந்து என்னைச் செருப்பால அடிப்பீங்க."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே அடிக்கறேன்."

"அடி... அடி..." என்று கயிற்றின் நடுவிலிருந்து ஒரு வாண்டு ஆர்வமாகச் சொன்னது.

ஆயாதான் நடுவில் புகுந்தார். "கோச்சுக்காதீங்கம்மா. இவரு எப்பவும் பிள்ளைங்க கூட உள்ளயே இருக்கறவரு, வாசல்ல வர்றவங்க யாரையும் தெரியாது. பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டுரலாம்."

பெரியம்மா என்பது இந்தப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை நடத்துகிறவர். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையாகக் கையில் கொடுப்பவர். அவன் போனை எடுத்து விவரம் சொன்னான். மழைச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது அந்தக் குரல்.

"பெரிய கண்ணாடியா? படபடன்னு பேசுதா?"

"ஆமாம் பெரியம்மா. செருப்பால அடிக்கறேங்குது."

"அப்ப அத்தையேதான். குடு, குடு."

அவன் போனை வைத்தான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வரலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றது. "மன்னிச்சுக்கங்க. இந்தாங்க உங்க மேடம்."

அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தாள். நாளெல்லாம் கண்களையே பார்க்கிறவள்... கடையில் வந்து உட்காருகிற எந்தக் கண்ணும் அவளுக்கு வெறும் அளவுதான். இது அளவில் அடங்கவில்லை. இடது கண் முதலில் சிரித்தது. வலது கண் கொஞ்சம் பொறுத்து, அதைப் பார்த்துச் சிரித்தது. நடுவில் இமையில் ஒரு மழைத்துளி... விழலாமா, இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று...

'சீ, என்ன நினைப்பு இது!' என்று குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

கட்டெறும்பு வீல் என்று அலறினாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தை இழுத்த வேகத்தில், அத்தையின் விரலையே பிடித்துக் கடித்தும் வைத்தாள்.

கடி பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் அவன் "ஷ்ஷ்... மேடம்... ஒண்ணுமில்ல..." என்று முதுகைத் தட்டியதும் குழந்தை சட்டென்று அடங்கிற்றே... அது வலித்தது.

மழை விட்டதும் கயிறு ஊர்ந்து ஊர்ந்து தெருவைத் தாண்டியது. அவள் அங்கேயே நின்று விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் வீட்டில் கட்டெறும்பு எதுவுமே நடக்காத மாதிரி அத்தை மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப மட்டும் அத்தை வேணுமாடி? போ, உன் மாமாகிட்டயே போ."

"மாமா!" என்றாள் கட்டெறும்பு, முகமெல்லாம் பல்லாக.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஆகாயத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துப் பார்த்து, தரையில் நடப்பதெல்லாம் அவனுக்குச் சின்ன விஷயம். விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆனை மாமாவா? காலையில நான் விடும்போது ஜன்னல்ல நின்னு கை காட்டுவாரே, அவரா? பிள்ளைங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நாலு கால்ல நடப்பாராம். அதான் ஆனை."

"சிரிக்காதண்ணா. சொந்த வீட்டு ஆளையே பிள்ளை மறக்குதுன்னா, அங்க என்னமோ சரியில்ல. பார்த்துக்கறாங்களா, இல்ல மயக்கி வச்சிருக்காங்களா?"

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? பொறாமையா? எதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே இருந்தது. அண்ணி வெளியூரில் படிக்கப் போய் நாலு மாதம் ஆகிறது. படிப்பு முடிய ஒரு வருடம். பஸ் ஏறும்போது அண்ணி அழவில்லை. "நீ இருக்கேன்னுதான் போறேன்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்த வார்த்தை இவள் தலையில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. குழந்தைக்கு ஒன்று என்றால் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது?

அண்ணனுக்கும் அது தெரியும். சிரிப்பை நிறுத்தினான். "சரி, ஒண்ணு பண்ணு. வீட்டு ஆளுங்க எப்ப வேணா வந்து ஒரு நாள் பூரா உக்காந்து பார்க்கலாம்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. நீ போய்ப் பாரு. சரியில்லன்னா நிறுத்திடலாம். உன் முடிவுதான்."

"பார்க்கறேன். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கறேன்."

*

பார்த்தாள். சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, அண்ணன் வீட்டுக்குள் நுழைந்த நாத்தனார் மாதிரி மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். ஒரு குறை... ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தண்ணீர் கேட்காமலே கிடைக்கிறதா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குவளை, கைக்கு எட்டுகிற உயரத்தில். ஈரத்தோடு விட்டுவிடுகிறார்களா? நனைந்த பிள்ளையின் முகம் மாறுவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணி மாற்றினான், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான், அடுத்த பிள்ளைக்கு மாற்றினான், மறுபடி கழுவினான். கழுவிக் கழுவி அவன் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. சரி, சாப்பாடு? மசித்த கிழங்கையும் முட்டையையும் வாயில் திணிக்கவில்லை. வாயைத் திறக்கிறவரை கரண்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். தலையைத் திருப்பினால், "போதுமா? சரி, போதும்" என்று விட்டுவிட்டான். வீட்டில் இவள் ஒரு வாய் ஊட்ட நாலு பொய் சொல்லுவாள்...

வயிற்றெரிச்சல் கூடியது.

ஒரு சோதனையும் வைத்துப் பார்த்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியை அலமாரிக்கு அடியில் மெல்ல உருட்டிவிட்டாள். பிள்ளை எடுத்து வாயில் போடப்போகும் விநாடியில் தானே பாய்ந்து பிடுங்கி, 'பார்த்தீங்களா லட்சணத்தை!' என்று கேட்பதாக உத்தேசம். அதற்குள் நீளமான கை ஒன்று அலமாரிக்கு அடியில் போய்வந்தது.

"உங்களுதா?"

"ஆ... ஆமாம். விழுந்துருச்சு போல."

"தானா உருண்டு ஓடுச்சு போல." இடது கண் சிரித்தது. வலது கண் பொறுத்துச் சிரித்தது. "ஏங்க, நேரா ஒண்ணு கேக்கட்டுமா? என்னைப் பிடிக்கலியா, இல்ல இந்த இடத்தைப் பிடிக்கலியா?"

"ரெண்டும்தான்."

"சரி. இடத்தைப் பத்திப் பெரியம்மாகிட்ட சொல்லுங்க. என்னைப் பத்தி என்கிட்டயே சொல்லுங்க, திருத்திக்கறேன்."

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?"

"வீட்ல நான்தான் மூத்தவன். எனக்குக் கீழ அஞ்சு. அஞ்சையும் தூங்க வச்சு வச்சு, யாராவது தோள்ல தூங்கினாத்தான் எனக்குத் தோள் இருக்கறதே தெரியுது." சொல்லிவிட்டு நாலு காலில் குனிந்தான். முதலில் ஏறியது கட்டெறும்புதான். ஏறியவள் அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"ஆனை காதுல எறும்பு பூந்துருச்சு!" என்று அவன் அலற, அறை முழுக்கச் சிரிப்பு.

அத்தையைத் தவிர.

மதியம் பாய்களை விரித்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் சாய்ந்தன. கட்டெறும்பு மட்டும் அவனிடம் கையைத் தூக்கினாள். அவன் சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தூக்கிச் சாய்த்தான். அவள் மூக்கைத் துணியில் தேய்த்தாள். பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான்... தூங்கிவிட்டாள்.

'அந்தத் தோளில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு நிமிஷம் தலையை வைத்துப் பார்த்தால்...'

யார் தலையை என்று அவள் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் அந்தத் துணி கண்ணில் பட்டது. பச்சை. ஓரத்தில் நூல் பிரிந்த... அடப்பாவி! அவளுடைய ஷால்! வீட்டில் காணோம் காணோம் என்று தேடி, அண்ணனைத் திட்டித் தீர்த்தாளே, அதே ஷால். என்றைக்கோ குளிருக்குக் குழந்தையைச் சுற்றிக் கொண்டுவந்து போட்டிருக்கிறான் அண்ணன்.

கிட்டே போனாள். கசங்கி, கறை பட்டு, ஒரு மாதிரி வாடை.

கிடைத்துவிட்டது குறை!

"இதை எப்பத் துவைச்சீங்க?"

"ஷ்ஷ்..."

"எப்பத் துவைச்சீங்கன்னு கேக்கறேன்."

"துவைக்கலைங்க. அது வந்து..."

"துவைக்கவே இல்லியா? கையை மட்டும் நூறு தரம் கழுவறீங்க, பிள்ளை மூக்குல இந்த அழுக்கையா வைக்கறீங்க? இதான் உங்க பராமரிப்பா?"

இரண்டு பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்தன. பெரியம்மா ஓடிவந்தார். அவள் எல்லாவற்றையும் அவர் எதிரில், ஆயா எதிரில், உரக்கச் சொன்னாள். அவன் முகம் சிவந்தது. ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அதை மட்டும் துவைச்சிராதீங்க..."

"நீங்க பேசாதீங்க!"

அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தன.

அவள் அந்த ஷாலை வீட்டுக்கு எடுத்துப்போய் வீம்புக்கே இரண்டு தரம் துவைத்தாள். சோப்பு வாசனை கமகமக்க, இஸ்திரி போட்டு, மறுநாள் அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். 'இதுதான் சுத்தம். தெரிஞ்சுக்கட்டும்.'

*

அன்றிலிருந்து கட்டெறும்பு காப்பகத்தில் மதியம் தூங்கவில்லை.

சாயங்காலம் வாசலில் பெரியம்மா கொடுக்கும்போது குழந்தையின் கண் கோவைப்பழமாக இருக்கும். வீட்டுக்கு வரும் வழியிலேயே துவண்டு விழும். ராத்திரிச் சாப்பாடு இறங்காது. இடுப்பு எலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. "என்ன பெரியம்மா இது?" என்று கேட்டால், "அதான்மா தெரியல... அவனும் என்னென்னமோ பண்ணிப் பார்க்கறான், வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்" என்பார்.

"பார்த்தியா அண்ணா? நான் சொன்னேன்ல?" என்று வெற்றியோடுதான் சொன்னாள். அந்த வெற்றி ஏனோ இனிக்கவில்லை.

அதைவிட மோசம், ஒரு சாயங்காலம் வாசலில் காதில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா, தன் பையனை வாங்க வந்தவர், ஜன்னல் வழியாக உள்ளே கூப்பிட்டார். "ஆனை மாமா! என் தங்கச்சி போட்டோ அனுப்பினேனே, பார்த்தீங்களா? இப்படி இழுத்தடிச்சா எப்படி? அவளும் உங்களை மாதிரியே பிள்ளைன்னா உயிரை விடுவா."

"பார்த்துச் சொல்றேங்க," என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். சிரிப்போடு.

அவ்வளவுதான் கேட்டாள். பார்க்கட்டுமே! கட்டிக்கொள்ளட்டுமே! தங்கச்சிக்குப் பல்லெல்லாம் வரிசையாகத்தான் இருக்கும், டாக்டர் வீடாயிற்றே... எனக்கென்ன வந்தது?

பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். மடியில் கட்டெறும்பு. இத்தனை நாள் இந்தக் குழந்தைக்காக அவன்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே... அப்படியென்றால் இப்போது எரிவது எது? கண்ணை அளக்கிறவளுக்குத் தன் கண்ணில் இருப்பது தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

தெரிந்தவுடன் பயம் வந்தது. பயம் வந்தவுடன் ரோஷம் வந்தது. மறுநாளே தன் கடைக்குப் பக்கத்தில் வேறு ஒரு காப்பகத்தில் இடம் சொல்லிவைத்தாள்.

"நிஜமாவே மாத்தணுமா?" என்றான் அண்ணன்.

"பிள்ளை இளைக்குதுல்ல? அது போதாதா?"

"பிள்ளை இளைக்கறது தெரியுது. நீ எதுக்கு இளைக்கறேன்னுதான் புரியல," என்றான் அண்ணன். ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சில சமயம் தரை நன்றாகத் தெரியும்.

*

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, காப்பகத்துக்குச் சொல்லாமல் கிளம்பினாள். மூட்டமாக இருந்தது வானம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, பிள்ளையின் பையைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட வேண்டும். அதுதான் திட்டம்.

வாசலைத் திறந்தவர் ஆயா. உதட்டில் விரலை வைத்து, "தூங்கற நேரம்" என்று சைகை காட்டினார். பெரியம்மா அடுப்படியில் இருந்தார். அவள் நடையில் காத்திருந்தாள். தூங்குகிற அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. அவன் மட்டும் கட்டெறும்பைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தான். தோளில் அந்தப் பச்சை ஷால். கட்டெறும்பு அதில் மூக்கை வைத்தாள். தேய்த்தாள். தேடினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பிறகு, சத்தமில்லாமல், உதடு பிதுங்கி, அழுது அழுது ஓய்ந்த குரலில்...

"அத்த... அத்த..."

அவள் காது அவளை ஏமாற்றுகிறதோ?

"வருவாங்க மேடம்," என்றான் அவன், குழந்தையின் காதோடு. "சாயங்காலம் வந்துருவாங்க உங்க அத்தை. வராம எங்க போவாங்க? உங்களை விட்டுட்டு அவங்களால இருக்க முடியுமா?"

"அத்த..."

"தெரியும் மேடம். எனக்கும் தெரியும்."

அவன் குனிந்து ஷாலை எடுத்தான். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்தான். கதவைத் திறந்தான்.

அவள் கடையின் நீலக் கோட்டைக் கழற்றி நடையிலேயே போட்டாள். கையை நீட்டினாள். கட்டெறும்பு பார்த்தாள், தாவினாள், அத்தையின் கழுத்து வளைவில் மூக்கை வைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்தப் பெருமூச்சு... அதே பெருமூச்சு. அடுத்த மூச்சில் தூங்கியிருந்தாள்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனும் ஒரு கை தள்ளி உட்கார்ந்தான். சுற்றிலும் தூங்குகிற பிள்ளைகள். இனிமேல் எது பேசினாலும் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும்.

"அந்த ஷால்..." என்றாள்.

"அழுக்கு இல்லைங்க அது. அதுல நீங்க இருந்தீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சேர்ந்த புதுசுல மேடம் தூங்கவே மாட்டாங்க. எல்லாப் பிள்ளைக்கும் வீட்ல யாராவது ஒருத்தரோட வாசனை வேணும். ஒரு நாள் உங்கண்ணன் அதுல சுத்திக் கொண்டாந்தாரு. தோள்ல போட்டேன். 'அத்த'ன்னு முனகிக்கிட்டே தூங்கிட்டாங்க. என் தோள்ல இல்லைங்க... உங்க தோள்லதான் அவங்க தூங்கினாங்க."

"அப்ப அன்னிக்கு மழையில... என்கிட்ட வரலியே?"

"மழைக்கோட்டு, தலையில மூடி, நீலக் கோட்டு, மருந்து மாதிரி ஒரு நெடி..."

"லென்ஸ் துடைக்கற ஸ்பிரிட்டு."

"அதேதான். தூக்கக் கலக்கத்துல பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நனையாம இருக்க என் சட்டைக்குள்ள, தோள்ல அந்த ஷால் இருந்துச்சு. அவங்க உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, உங்களையே கடிச்சாங்க."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கப்போய்க் கண்ணீர் வந்தது. "அதையாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாள் பிள்ளை தூக்கமில்லாம..."

"சொல்ல வந்தேன். பேசாதீங்கன்னீங்க." அவன் கையிலிருந்த ஷாலை மடித்தான். "எல்லாரு முன்னாலயும் அழுக்குன்னு சொன்னதும் எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்துருச்சு. தப்புதான். என் ரோஷத்துக்குப் பிள்ளைய அழ விட்டது பெரிய தப்பு. இன்னிக்குச் சாயங்காலம் வாசல்ல நின்னு உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நான் இன்னிக்கு இவளை நிறுத்திட்டுப் போக வந்தேன்."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். இரண்டு கண்ணிலும் சிரிப்பு இல்லை. "வேற இடமா?"

"ம்."

"...நல்லா பார்த்துக்குவாங்களா?"

அந்த ஒரு கேள்வியில் அவள் உடைந்துபோனாள். அவன் கெஞ்சவில்லை, வேண்டாம் என்று தடுக்கவில்லை. நல்லா பார்த்துக்குவாங்களா... ஒரு முழு நாள் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அவள் தேடியது இதைத்தானே? மூடியை உருட்டியும் கண்டுபிடிக்க முடியாதது?

வெளியே மழை ஆரம்பித்தது. பிள்ளைகளை எழுப்பாத மழை. ஜன்னல் திரையில் விரலால் தட்டுகிற மாதிரி...

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள், குழந்தையின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு.

"கேளுங்க."

"பல் டாக்டரம்மா தங்கச்சி போட்டோ... பார்த்தாச்சா?"

ஓரக்கண்ணால் பார்த்தாள். இடது கண் சிரிக்க ஆரம்பித்திருந்தது.

"பார்க்கல."

"ஏன்? பார்த்துச் சொல்றேன்னீங்களே?"

"அது மரியாதைக்குச் சொன்னது." அவன் ஷாலை விரலில் சுற்றினான், பிரித்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க... மேடத்துக்காகத்தான் இதைத் தோள்ல போட்டேன். சத்தியமா. ஆனா அவங்களைப் பாயில போட்டப்புறம்... எடுத்து மாட்டணும்ல? கொஞ்சம் லேட்டாத்தான் மாட்டுவேன். யாரு இவங்க, எப்படி இருப்பாங்க, எதுக்குச் சிரிப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன். அப்புறம் ஒரு நாள் மழையில வந்து, செருப்பால அடிப்பேன்னாங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்றான். "என்னைப் பத்தி என்கிட்டயே சொல்லுங்கன்னு அன்னிக்கே கேட்டேன்ல?"

"எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

"தெரியும். மேடம் என்கிட்ட ஒட்டிக்கிட்டாங்கன்னு என் மேல..."

"அது முதல்ல." மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்யக் கூடாதா? "அப்புறம்... அந்தத் தங்கச்சி மேல."

"அப்புறம்?"

"அப்புறம் இவ மேல."

"இவங்க மேலயா? இவங்க மேல எதுக்கு...?" என்று கேட்டான் அவன், நிஜமாகவே புரியாமல். குழந்தையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தன் தோளைப் பார்த்தான். பிறகு காது நுனியிலிருந்து ஆரம்பித்துக் கழுத்துவரை சிவந்துபோனான், அவ்வளவு பெரிய ஆனை.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கையிலிருந்த ஷாலை மெதுவாக நீட்டினான். அவள் அதை வாங்கிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஷ்ஷ்..." என்றாள், அவன் எதுவும் பேசாமலே. "பிள்ளைங்க எந்திரிச்சிரும்."

மறுநாள் காலையில் கட்டெறும்பை அத்தைதான் கொண்டுபோய் விட்டாள். வாசலில் கட்டெறும்பு அவனிடம் தாவிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை கடைக்குப் பக்கத்துக் காப்பகத்துக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்று சொன்னாள். பிறகு பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.